கத்தி கழுத்தில் இருக்கையில் கேட்ட கேள்வி

அந்தப் பெண் இப்போது வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற உத்தியோகத்தில் இருக்கிறாள். என்ன வாங்குகிறீர்கள், எதைக் குறைத்துக்கொண்டீர்கள், பிள்ளைகளை எங்கே படிக்க வைக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போய் ஆபீசில் கொடுக்க வேண்டும். கூட வேலை பார்க்கிறவர்கள் வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவார்கள். இவள் அப்படி இல்லை. முதலில் தண்ணீர் கேட்பாள். குடித்துக்கொண்டே, பதில் சொல்லப்போகிற ஆளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பாள். மாமியார் நின்றால் மருமகளிடம் கேட்க மாட்டாள். முதலாளி நின்றால் வேலைக்காரரிடம் கேட்க மாட்டாள். "அப்புறம் வர்றேங்க" என்று எழுந்துவிடுவாள். வேலை மந்தம் என்று மேலதிகாரி திட்டுவது உண்டு. திட்டட்டும். அவள் பட்ட பாடு அவருக்குத் தெரியுமா?

தெருவில் அவளுக்குப் பெயர் 'பொருளாதாரம்'. பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு சரி. அவள் பட்டப்படிப்பில் சேர்ந்த அன்று அவளுடைய சித்தப்பா, "எங்க வீட்டுக்கே பொருளாதாரம் வந்தாச்சு, இனிமே நமக்கென்ன குறை" என்று சலூனில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சொல்லி வைக்க, அது பசை போட்டாற்போல ஒட்டிக்கொண்டது.

சலூன் அவர்களுடையது. தெருவைப் பார்த்த ஒரே அறை, இரண்டு சுழல் நாற்காலி, எதிரே சுவரளவு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. பின்பக்கக் கதவைத் திறந்தால் வீடு. ஒரு நாற்காலி அப்பாவுக்கு, இன்னொன்று சித்தப்பாவுக்கு. அப்பா பேசாமல் வெட்டுவார், சித்தப்பா வெட்டாமல் பேசுவார் என்று தெருவில் கேலி. தன் தலையைத் தானே வெட்டிக்கொள்ள முடியாத தொழில் அது. அதனால் சின்ன வயசிலிருந்தே அண்ணன் தலையைத் தம்பி வெட்டுவார், தம்பி தலையை அண்ணன் வெட்டுவார். வேறு யார் கையும் அந்த இரண்டு தலைகளிலும் பட்டது கிடையாது.

அவள் ஆசைப்பட்டது வேறு படிப்பு. மார்க் இழுத்துக்கொண்டு போய் விட்ட இடம் இது. "அதுல என்னம்மா சொல்லித் தருவாங்க?" என்று அப்பா கேட்டார். "எதுக்கு ஏன் அந்த விலைன்னு சொல்லித் தருவாங்கப்பா." அப்பா சீப்பைத் துடைத்துக்கொண்டே, "அதைத் தெரிஞ்சுக்கறதுக்கு மூணு வருஷமா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. சேர்த்துவிட்டார்.

விரும்பிப் படித்தால்தான் படிப்பு ஏறும் என்று சொல்லித் திரிகிறார்களே, அதெல்லாம் சும்மா. கட்டிக்கொண்ட பிறகு பிடித்துப்போகிற கல்யாணம் எத்தனை இருக்கிறது. படிப்பும் அப்படித்தான். முதல் வருஷம் கோடும் கட்டமும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டன. இரண்டாம் வருஷம் காய்கறிக் கடையில் நின்றாலும் பஸ்ஸில் தொங்கினாலும் அந்தக் கோடுகள்தான் தெரிந்தன. வீட்டிலும் அதே பேச்சு.

"அம்மா, ஒரு வேலையைச் செய்யறோம்னா இன்னொண்ணை விடறோம். விட்டது எதுவோ, அதுதான் செஞ்சதோட விலை."

"அப்படியா? நீ இங்க நின்னு பேசறதோட விலை அந்தத் தொட்டியில கிடக்கற பாத்திரம். போய்க் கழுவு," என்பாள் அம்மா.

கடைசி வருஷம் ஒவ்வொருவரும் சொந்தமாக ஓர் ஆய்வு எழுதிக் கொடுத்தாக வேண்டும். அது தேறாவிட்டால் பட்டம் கிடையாது. வழிகாட்டும் ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'சிவப்பு மை'. அந்த அம்மாள் திருப்பிக் கொடுக்கிற தாள் அடிபட்ட முழங்கால் மாதிரி இருக்கும். "தெரியாத இடத்துக்குப் போய்த் தடுமாறாதீங்க. நல்லாத் தெரிஞ்ச ஒரு இடத்தை எடுத்துக்கங்க," என்றார்.

அவளுக்குச் சலூனை விட்டால் தெரிந்த இடம் ஏது? விலை ஏறினால் எத்தனை பேர் வருவதை நிறுத்துவார்கள் என்பதுதான் கேள்வி. புத்தகத்தில் அதற்குத் தேவைக் கோடு என்று பெயர். விலை மேலே போகப் போக வாங்குகிறவர்கள் குறைவார்கள். கோடு சாய்ந்து கிடக்கும். எவ்வளவு சாய்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

இனி அவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். அந்த வீட்டில் யாரிடம் எதைக் கேட்பதானாலும் நாற்காலியில் வைத்துத்தான் கேட்பார்கள். எந்தப் பள்ளிக்கூடம் நல்லது, எந்த வைத்தியர் கைராசிக்காரர், எல்லாமே அப்படித் தெரிந்துகொண்டதுதான். பெஞ்சில் இருப்பவன் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வான். வெட்டி முடித்தவன் உதறிக்கொண்டு ஓடுவான். நாற்காலியில் இருப்பவன் ஒருவன்தான் எங்கேயும் போக முடியாதவன். ஆகையால் அவளும் பெஞ்சு ஓரத்தில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் நாற்காலியில் வைத்துத்தான் கேட்டாள்.

பஸ் டிரைவர் முகம் நிறைய நுரையோடு சாய்ந்திருந்தார். அப்பாவின் கத்தி காதோரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, இப்ப குடுக்கறதை விடப் பாதி கூடக் கேட்டா வருவீங்களா?"

கண்ணாடியில் டிரைவரின் கண் ஒருதரம் அப்பாவின் பக்கம் போய்விட்டு வந்தது. "உங்கப்பாவை விட்டுட்டு நான் எங்கம்மா போவேன்."

"ரெண்டு மடங்கு கேட்டா?"

"ம்... வருவேன்."

அடுத்து தையல்காரர். கத்தி தொண்டைக் குழிக்கு வந்திருந்தது. "ரெண்டு மடங்கு என்னம்மா ரெண்டு மடங்கு. தாராளமா வருவேன்," என்றார் உதடு அசையாமல். பக்கத்து நாற்காலியிலிருந்து சித்தப்பா, "இவர் நமக்குப் பழைய பாக்கியில்ல, பழைய பக்தர்," என்று சிரித்தார். வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். அவளும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள்.

கோட்டைப் போட்டுப் பார்த்தாள். சாயவே இல்லை. நட்டு வைத்த கம்பு மாதிரி நின்றது. "இது என்ன, கொடிக்கம்பமா?" என்றார் சித்தப்பா. சிவப்பு மை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோடு இப்படி நிமிர்ந்து நின்னா அது உயிர் காக்கற மருந்தா இருக்கணும். முடிவெட்டுக்கு நிக்குமா? யோசி." அவள் காதில் விழுந்ததோ வேறு. தன் அப்பாவின் கையை உயிர் காக்கிற மருந்தோடு சேர்த்துச் சொல்லிவிட்டார்கள் என்று பூரித்துப்போனாள். கடைசி வார்த்தை காதோரத்திலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பெரிதாக வரைந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

அப்பா விலையை ஏற்றி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பிளேடு ஏறியது, சோப்பு ஏறியது, கடை வாடகை ஏறியது. அவர் மட்டும் ஏற்றவில்லை. பயம். இப்போது தினமும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வெட்டினார்.

"அண்ணே, நம்ம பொருளாதாரமே சொல்லிடுச்சு. இன்னும் என்ன யோசனை?" என்று சித்தப்பாதான் தூண்டிவிட்டார்.

அப்பா பலகையை அழித்து, பாதி கூட்டி எழுதினார்.

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் முடி காத்திருக்கும். வயிறு மாதிரி அவசரப்படுத்தாது. போனவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்பது முடி வளர்ந்த பிறகுதானே தெரியும். வளர்ந்தது. வரவில்லை.

எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடை முன்பே இருந்தது. உள்ளே குளுகுளுவென்று இருக்கும், பாட்டு ஓடும், விலையும் கூட. அதனால் இந்தத் தெருக்காரர்கள் அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது இரண்டு கடையிலும் விலை ஒன்றாகிவிட்டது. அதே விலைக்குக் குளிர்ச்சியும் கிடைக்கிறது என்றால் மனுஷன் என்ன செய்வான்?

அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு கண் உண்டு. பிடரியைப் பார்த்தால் எந்தக் கை வெட்டியது என்று சொல்லிவிடுவார்கள். அது தெருவுக்கும் தெரியும். அதனால் போனவர்கள் சலூன் வாசல் வழியாக வருவதையே விட்டார்கள். டிரைவர் சுற்றிக்கொண்டு பின் தெருவால் போனார். தையல்காரர் வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் குடை பிடித்துக்கொண்டு போனார். அப்பா வாசலில் நின்று அந்தக் குடையைப் பார்ப்பார், உள்ளே வந்து ஏற்கெனவே தீட்டின கத்தியை மறுபடி தோல்வாரில் தீட்டுவார்.

ஒரு நாள் காலையில் சித்தப்பா தன் கத்தரியையும் சீப்பையும் துண்டில் சுற்றினார்.

"அண்ணே, ஒரு தலையை ரெண்டு பேர் பார்த்துக்கிட்டு எவ்வளவு நாள் நிக்கறது? எதிர்க்கடையில கூப்பிடறாங்க. எனக்கும் குடும்பம் இருக்கு."

"போ," என்றார் அப்பா. சண்டை இல்லை, சத்தம் இல்லை. சித்தப்பா தெருவைக் கடந்து போனார். அப்பா ஒரு வெள்ளைத் துணியை எடுத்துத் தம்பியின் நாற்காலி மேல் போர்த்தினார். கல்லூரிக்குக் கிளம்பி வந்தவள் அதைப் பார்த்தாள். யார் போனாலும் பரவாயில்லை. அந்த நாற்காலி காலியானது தன்னால்தானோ என்ற எண்ணம் முள்ளாகத் தைத்துவிட்டது. எங்கே தப்பு என்றுதான் தெரியவில்லை. ஒவ்வொருவர் வாயாலும் கேட்டல்லவா எழுதினாள்?

அன்று அவள் ஏறிய பஸ்ஸை ஓட்டியது அந்த டிரைவர். பிடரி புதிதாக வெட்டியிருந்தது. பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கும்வரை இருந்து, அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, ரெண்டு மடங்கு கேட்டாலும் வருவேன்னு சொன்னீங்களே."

டிரைவர் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த ஸ்டீயரிங்கைத் துடைத்தார். "சொன்னேன்தான்."

"அப்புறம் ஏன் மாமா?"

"நீ எப்பக் கேட்டன்னு கொஞ்சம் நினைச்சுப் பாரு. உங்கப்பா கத்தி எங்க இருந்துச்சு?"

அவள் கை தன்னையறியாமல் தன் கழுத்துக்குப் போயிற்று.

"பயம்னு நினைச்சுக்காத. சின்ன வயசுலேருந்து என் முகத்துல பட்ட கை அது ஒண்ணுதான். அதனாலதான் வாய் வரல. மோவாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற மனுஷன்கிட்ட, அதுவும் அவர் பொண்ணு கேக்கறப்ப, 'உன் விலை கட்டாது'ன்னு எவனாவது சொல்வானா? ஒரு தாட்சண்யம்தான்."

"இப்ப விலையைக் குறைச்சா வருவீங்களா?"

அவர் யோசித்தார். "இப்ப கத்தி இல்ல, அதனால நிஜத்தைச் சொல்றேன். ஆசையாத்தான் இருக்கு. ஆனா வெட்கமா இருக்கும்மா. இந்தத் தலையை வச்சுக்கிட்டு அவர் முன்னாடி எப்படிப் போய் உட்கார?"

அன்று அவள் வகுப்புக்குப் போகவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தாள். ஆசிரியை சொன்ன 'யோசி' இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. கடையில் அப்பா மட்டும் இருந்தார். அவள் நேராகப் போய்ப் படத்தைச் சுவரிலிருந்து பிய்த்தாள்.

"ஏன் கழட்டற? உங்க டீச்சர் நல்லாருக்குன்னாங்களே."

"அவங்க 'யோசி'ன்னாங்கப்பா. நான்தான் நல்லாருக்குன்னு கேட்டுக்கிட்டேன்." டிரைவர் சொன்னதை அப்படியே சொன்னாள். சொல்லி முடிக்கையில் அவள் பார்வை போர்த்திய நாற்காலி மேல் இருந்தது. அவர் பார்வையும் அங்கேதான் இருந்தது.

"நீ கோடுதான் போட்ட. விலையைப் போட்ட கை என்னோடது," என்றார் அப்பா. அதற்குமேல் அவர் பேசவில்லை. அப்பா திட்டினால் தாங்கலாம். பேசாமல் இருந்தால் வீட்டில் சோறு இறங்காது. மறுநாள் பலகையை அழித்துப் பழைய விலையையே எழுதினார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று ஏற்றி இறக்கியவர்களுக்குத்தான் தெரியும்.

இறக்கியும் போனவர்களில் ஒருவரும் வரவில்லை. போன வழி நேர்வழி; திரும்பி வருகிற வழியில் வெட்கம் உட்கார்ந்திருந்தது.

ஆய்வைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. கூடப் படித்தவள், "பழையதையே அழகா எழுதிக் குடுத்துடு. உங்க கடையை யார் வந்து பார்க்கப் போறாங்க?" என்றாள். கொடுத்திருக்கலாம். பட்டம் கைக்கு வந்திருக்கும். ஆனால் அந்தக் கோட்டை இன்னொரு தரம் போட அவள் கை எழவில்லை. அட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். இந்தத் தடவை ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் போய்ப் பிடித்தாள். டீக்கடையில், பஸ் நிலையத்தில், தையல் மெஷினுக்கு எதிரே. முதலில் தன் தப்பைச் சொல்லிவிட்டுத்தான் கேட்டாள்.

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அட போம்மா. நான் தாராளமா வருவேன்னு சொன்ன பிறகுதான் உங்கப்பா கத்தியைத் தொண்டையிலேருந்து எடுத்தாரு. அந்த நேரத்துல சொத்தை எழுதிக் கேட்டிருந்தாக்கூடக் குடுத்திருப்பேன்."

சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு தெரு முழுக்கச் சுற்றிவிட்டது. டீக்கடையில் ஒருவர் கழுத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டு, "விலை கட்டுமா கட்டாதா, சொல்லு" என்று நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். அப்பாவின் காதுக்கும் வந்தது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பிடும்போது, "இன்னும் கொஞ்சம் சோறு போடு," என்றார் அம்மாவிடம்.

இரண்டு நாள் கழித்துத் தையல்காரர் வந்தார். குடையை மடக்கி மூலையில் வைத்தார். "ஒண்ணும் கேக்காதீங்க, வெட்டுங்க," என்று உட்கார்ந்தார். அப்பா அவர் தலையைக் குனிய வைத்துப் பிடரியைப் பார்த்தார்.

"இடது பக்கம் கொஞ்சம் ஏத்திட்டாங்க. சரி பண்ணிடறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அதைப் பெஞ்சில் இருந்தவர் கேட்டார், வெளியே போய்ச் சொன்னார். அதன் பிறகு டிரைவர் வந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் இல்லை. குளிர்ச்சி பழகிப்போன இளவட்டங்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அவள் எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு: விலை ஏறியபோது ஆட்கள் போன வழி ஒன்று, இறங்கியபோது வந்த வழி வேறு. முதல் பக்கத்திலேயே, கேள்வியைக் கத்திக்கு அடியில் வைத்துக் கேட்டேன், ஆகையால் முதலில் கிடைத்த பதில்கள் செல்லாது என்று எழுதினாள். கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த அம்மாள் 'செல்லாது' என்று எழுதிவிட்டால் மூன்று வருஷமும் போச்சு.

கூப்பிட்டு அனுப்பினார்கள். தாள் முழுக்கச் சிவப்பு.

"இது பாடத்துலயே இல்லாத விஷயம்னு நினைச்சுக்காத. இதுக்கெல்லாம் பேரு இருக்கு, மேல படிச்சா வரும். நீ பேரு தெரியாமலே போய் முட்டிக்கிட்டு வந்திருக்க," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேள்வி கேட்ட லட்சணத்துக்கு மார்க்கைக் குறைச்சேன். அதை மறைக்காம எழுதினதுக்குக் கூட்டினேன். கடைசியில கூட்டியும் இல்ல, குறைச்சும் இல்ல. பாஸ்."

ரிசல்ட் வந்த அன்று அவள் சலூன் வாசலில் நின்று சொன்னாள். பெஞ்சில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அப்பா தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். அவர் தலையில் முடி காதை மூடி வளர்ந்திருந்தது. தம்பி போனதிலிருந்து கத்தரி படாத தலை. ஊருக்கெல்லாம் வெட்டுகிறவர் இப்படிச் சாமியார் மாதிரி நிற்கிறாரே என்று வந்தவர்கள் கண்ணால் பேசிக்கொள்வார்கள். வாய் திறக்க மாட்டார்கள்.

அப்போது தெருவைக் கடந்து சித்தப்பா வந்தார். அவர் தலையும் அதே கோலம்தான். கண்ணாடிக் கதவுக்குள் அத்தனை கைகள் இருந்தும் ஒருவரையும் தொட விடவில்லை.

"எங்க பொருளாதாரம் பாஸாமே," என்று அவள் தலையைத் தட்டிவிட்டு நேரே உள்ளே போனார். போர்த்தியிருந்த துணியை உருவிக் கீழே போட்டார். தன் நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

அப்பா துண்டைக் கட்டினார். வெட்டி முடித்து, பிடரியைச் சுத்தம் செய்யக் கத்தியை எடுத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரை மடித்துவிட்டுப் பார்த்தார்கள். அவள் வாசலிலேயே நின்றாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த நாற்காலிக்கு ஆள் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

"திரும்பி வந்துடறியாடா?" என்றார் அப்பா, கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு.

"கத்தியைக் கீழ வைங்க அண்ணே. அப்புறம் சொல்றேன்."

கடையே சிரித்தது. அப்பா கத்தியை மடக்கிக் கண்ணாடி முன்னால் வைத்தார். இப்போது அவர் உதட்டிலும் சிரிப்பு இருந்தது. ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

"வரல அண்ணே," என்றார் சித்தப்பா. "ரெண்டு குடும்பத்துக்கு இந்தக் கடை முன்னாடியே தாங்கல. நாமதான் சொல்லிக்கல. அங்க எனக்குச் சரியா இருக்கு. ஆனா இந்தத் தலைக்கு இங்கதான் வருவேன்."

அந்த வீட்டில் நாற்காலியில் வைத்துக் கேட்ட கேள்விக்குக் கிடைத்த முதல் நிஜமான பதில் அதுதான். அவளுக்குக் கண் நிறைந்தது. ஆனால் முள் எடுபட்ட மாதிரியும் இருந்தது.

"சரி, தலையைக் குனி," என்றார் அப்பா. கத்தியை எடுத்துப் பிடரியை வழித்துத் துடைத்துவிட்டார். பிறகு சித்தப்பா எழுந்து துண்டை உதறி, அண்ணனின் தோளைப் பிடித்து அதே நாற்காலியில் உட்கார வைத்தார். "எவ்வளவு வளர்த்து வச்சிருக்கீங்க. இதுக்கு ரெண்டு மடங்கு ஆகும்," என்றார். அவள் கீழே கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து மடித்து, அம்மாவிடம் துவைக்கக் கொடுத்தாள்.